இருமல் கேட்கும் பெட்டி

சின்ன வயதில், தெருமுனையில் அப்பா இருமும் சத்தம் கேட்டால்தான் மாதம்மாளுக்குச் சோறு இறங்கும். அந்த இருமல் வந்தால் அப்பா நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார் என்று அர்த்தம்.

அவள் வளர்ந்து கோணப்புளி சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தபோது, செயற்கை நுண்ணறிவுப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. பயிற்சி கொடுக்க ஒரு மேடமும் வந்தார்.

"இது இருமலைக் கேட்டு நோயைச் சொல்லும். ஆனா இப்போ பச்சைக்குழந்தை. நீங்க கத்துக்கொடுக்கிறதுதான் தெரியும். வர்றவங்க நோயாளியா, நல்லா இருக்காங்களான்னு உண்மையைச் சொல்லுங்க. அப்புறம் அது சொல்றதை ஒரு மனுஷர் சரிபார்க்கணும். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து சோதிப்பார். தேறலைன்னா நிலையத்தையே மூடிடுவாங்க."

மூடினால் மாதம்மாளுக்கு மலைமேல் மாற்றல். அங்கே பஸ்கூடப் போகாது.

பச்சைக்குழந்தை என்றதும் வாட்ச்மேன் எர்ரப்பன் பெட்டிக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தார்.

அந்த வாரம் பார்த்து ஊரில் ஒருவருக்கும் இருமல் இல்லை. வந்ததெல்லாம் கால் புண்ணும் வயிற்றுவலியும். பெட்டி முன்னால் அவர்கள் இருமாமல் உட்கார்ந்தார்கள். மாதம்மாள் உண்மையாக, 'நோயாளி' என்ற பொத்தானை அழுத்தினாள்.

"இருமலுக்கு எங்கே போறது?" என்றார் மருந்தாளுநர் மகுடேஸ்வரன்.

"நமக்குத் தொண்டை இல்லையா சார்?" என்றார் எர்ரப்பன்.

மூவரும் நாள் முழுக்க இருமினார்கள்.

"நாம நோயாளியா சிஸ்டர்?" என்று கேட்டார் மகுடேஸ்வரன்.

"கல்லு மாதிரி இருக்கோம். பொய் சொல்லக் கூடாது." ஒவ்வொரு இருமலுக்கும் 'நலம்' என்று அழுத்தினாள். அழுத்தும்போது அப்பா ஞாபகம் வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பெட்டி முன்னால் கம்பீரமாக உட்கார்ந்தார்.

"இருமல் இல்லை. கடுமையான நோயாளி. உடனே படுக்கையில் சேர்க்கவும்" என்றது பெட்டி.

மாதம்மாள் ஓடிப்போய் மூன்றாம் கட்டிலைத் தட்டி விரித்தாள். சோதிக்க வந்தவர் இங்கேயே போய்விட்டால் நிலையம் என்னாவது?

"பெட்டி சொன்னதை ஒரு மனுஷர் சரிபார்க்கணும்னு மேடம் சொன்னாங்க" என்று ஞாபகப்படுத்தினார் எர்ரப்பன்.

மகுடேஸ்வரன் அதிகாரியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். முகம் வாடியது. "உண்மைதான். ஒரு பொட்டு இருமல்கூட இல்லை."

"யோவ், விடுங்கய்யா! எனக்கு ஒண்ணுமில்ல!"

"பாவம், ஆரம்பத்துல எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்று எர்ரப்பன் கால் பக்கம் பிடித்துத் தூக்கினார்.

கட்டிலில் கிடந்து கத்திக் கத்தி, சாயங்காலம் அதிகாரிக்குத் தொண்டை கட்டி ஓர் இருமல் வந்தது. 'நலம்' என்றது பெட்டி. மாதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாலை போட்டு அவரை வழியனுப்பினாள்.

வாசல் தாண்டுவதற்குள் இருமல் நின்றுவிட்டது.

நிலையத்தை மூடவில்லை. மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் இன்னும் மூன்றாம் கட்டிலில்தான் இருக்கிறார்.