கருப்பாயியின் விரதம்

ஆற்றங்கரை மடத்தில் மடப்பள்ளியைக் கவனித்துக்கொண்டவர் தில்லைநாயகம். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். பன்னிரண்டு வருஷமாகத் தியானத்தில் உட்கார்கிறார். கண்ணை மூடினால் கொட்டாவிதான் வரும். அந்தக் குறை அவருக்கு உண்டு.

மடத்துப் பூனை கருப்பாயியைக் குட்டியிலிருந்து வளர்த்தவரும் அவரே. கண் திறக்காத நாளில் துணியைப் பாலில் நனைத்துச் சப்பக் கொடுத்தார். ஓடியாடத் தொடங்கியதும், நாய் வாய் வைக்காதபடி தயிர்ச்சோற்றுக் கிண்ணத்தைப் பரண்மேல் வைத்தார். அரிசி மூட்டைக்கு ஒரு தாவல், பரணுக்கு ஒரு தாவல் என்று போய்க் கருப்பாயி சாப்பிடும். பதினான்கு வருஷமாக அதுதான் வழக்கம்.

குரு வெளியூர் போயிருந்த வாரத்தில் கருப்பாயி சாப்பிடுவதை நிறுத்தியது. வைத்த சோறு வைத்தபடி கிடந்தது. கருப்பாயியோ தரையில் அசையாமல் உட்கார்ந்து, அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணைக்கூட இமைக்கவில்லை.

தில்லைநாயகத்துக்கு உடம்பு சிலிர்த்தது. கருப்பாயி அன்னத்தைத் துறந்துவிட்டது என்றே முடிவு கட்டினார்.

மறுநாள் அதன் நெற்றியில் திருநீறு ஏறியது. அதற்கடுத்த நாள் கழுத்தில் முல்லைச்சரம். ஊர்ச்சனம் வரிசையில் வந்து கும்பிட்டது. தில்லைநாயகம் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் விலா எலும்பு தெரிய இளைத்த அந்த உடம்பைப் பார்த்து அழுதுகொண்டே கும்பிட்டார்.

நான்காம் நாள் காலை குரு திரும்பினார்.

"என்ன கூட்டம்?"

"சாமி, கருப்பாயி சோத்த விட்டுருச்சு. மூணு நாளா ஆகாசத்தையே பாத்துக்கிட்டு இருக்கு. இன்னும் ஒரு நாளோ ரெண்டு நாளோ. பன்னெண்டு வருஷமா எனக்கு வராத வைராக்கியம் இதுக்கு எப்படி சாமி வந்துச்சு?"

குரு பூனையின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அதன் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, அது பார்த்த பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து, பரண்மேல் இருந்த கிண்ணத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

கருப்பாயி சரத்தை இழுத்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தது. மீசையெல்லாம் தயிராக, மூச்சு விடாமல் தின்றது. கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, இன்னும் வேண்டுமென்று கத்தியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

குரு அதன் பின்னங்கால் மூட்டை மெல்லத் தொட்டார். கருப்பாயி சீறியது.

"வயசாயிடுச்சு. தாவ முடியல. இனிமே கிண்ணம் தரையில இருக்கட்டும். சோத்தக் கொழைய வேக வையுங்க. நாய வேணா நான் பாத்துக்கறேன்."

தில்லைநாயகத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "அப்ப இந்த மூணு நாளும் அது தியானம் பண்ணலயா சாமி?"

"பண்ணுச்சே. சோத்தத்தான் நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. எதிர்ல உக்காந்து அவ்வளவு நேரம் கும்பிட்டீங்களே, அது எங்க பாக்குதுன்னு ஒரு தடவ திரும்பிப் பாத்தீங்களா?"