எட்டாத உயரத்தில் ஒரு சுவிட்ச்

ஓட்டைக்குளத்து அண்ணன் தம்பிகளுக்குப் புத்தி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூணு பேரும் சேர்ந்து அவ்வளவு யோசிப்பார்கள். மூத்தவன் வீரணன், நடுவுள்ளவன் கருத்தமுத்து, சின்னவன் சுருளி. யோசித்து யோசித்து மொட்டை மாடி வைத்து ஒரு வீடு கட்டினார்கள். மாடிக்குப் படி வைக்கத்தான் மறந்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் எந்தச் சுவிட்சைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். சுருளியின் பெண்டாட்டி செவந்தி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அங்கிருந்தே போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வயரெல்லாம் மாத்துங்க. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளையோட வருவேன். வாசல்ல நின்னு பார்ப்பேன். லைட்டு ஒழுங்கா எரிஞ்சாத்தான் உள்ளே வருவேன். இல்லேன்னா வந்த ஆட்டோவிலேயே திரும்பிருவேன்."

சுருளி அந்த வாரம் பிள்ளையை விட அதிகமாக அழுதான்.

வயர்மேன் சேவியர் வந்தார். பழைய வயரைப் பிடுங்கிப் புது வயர் இழுத்தார். கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி எர்த் கம்பி இறக்கினார். கிளம்பும்போது சொன்னார்:

"சுவிட்ச் பலகையை நீங்களே மாட்டி வையுங்கப்பா. பிள்ளை கைக்கு எட்டாத உயரத்துல இருக்கணும். எர்த் குழியில தினமும் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. செருப்பு இல்லாம சுவிட்சைத் தொடாதீங்க. எதைத் தொடுறதா இருந்தாலும் முதல்ல டெஸ்டரை வச்சுப் பாருங்க. அதுல லைட்டு எரிஞ்சா கரண்டு இருக்கு, தொடக்கூடாது. நாளைக்கு வந்து கனெக்‌ஷன் கொடுக்கிறேன்."

எதைத் தொடுவதாக இருந்தாலும் என்றாரா, அன்றிலிருந்து இட்லியை டெஸ்டரால் குத்திப் பார்த்துத்தான் சாப்பிட்டார்கள். எருமையைக் குத்தினார்கள், அது உதைத்தது. கோவில் பூசாரி திருநீறு கொடுக்க வந்தார். அவர் நெற்றியிலும் வைத்துப் பார்த்தார்கள். எரியவில்லை.

"இவர்கிட்ட ஒண்ணும் இல்லலே. தைரியமாத் தொடலாம்" என்றான் வீரணன்.

அன்று சாயங்காலம் பேய்மழை. எர்த் குழி நிரம்பி வழிந்தது. மூணு பேரும் ஜன்னலோரம் கவலையாக நின்றார்கள்.

"மழைத் தண்ணி கணக்குல வருமாண்ணே?" என்றான் சுருளி.

"குடத்துலயா வருது? அவர் குடத்துலதான் ஊத்தச் சொன்னாரு" என்றான் வீரணன்.

கருத்தமுத்து குழிக்கு மேலே குடை பிடித்தான், மழை விழாமல் இருக்க. அதன் அடியில் குனிந்து சுருளி ஒரு குடம் ஊற்றினான்.

அடுத்தது சுவிட்ச் பலகை. இதற்குத்தான் பெரிய ஆலோசனை.

"பிள்ளை என்ன உயரம்லே?" என்றான் வீரணன்.

"ஒரு முழம் இருக்கும்ணே."

"இன்னைக்கு ஒரு முழம். வளராதா?"

சுருளி அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "பிள்ளைக்கு எங்க மாமனார் சாடைங்கிறாங்க. அவரு ஆறடி!"

"ஆறடி ஆளு கையைத் தூக்கினா?" என்றான் கருத்தமுத்து.

"தூக்கிக்கிட்டே குதிச்சா?" என்றான் வீரணன்.

சுவிட்ச் பலகை கூரையை ஒட்டி, பல்லி இருந்த இடத்தில் ஏறியது.

மறுநாள் சேவியர் வந்து அண்ணாந்து பார்த்தார். அவர் இவர்களோடு பழகியவர். ஏன் என்று கேட்கவில்லை. ஏணியில் ஏறிக் கனெக்‌ஷன் கொடுத்தார். பக்கத்திலேயே ஷாக் அடிக்காமல் காப்பாற்றுகிற பெட்டியையும் மாட்டினார்.

"இதுல டெஸ்ட் பட்டன் இருக்கு. அமுக்கினா இந்த விசை டப்புனு கீழே விழுந்து கரண்டு நிக்கணும். விழுந்தா பெட்டி நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஷாக் அடித்ததெல்லாம் கையில்தான் என்பதால் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு சுருளி ஏணியில் ஏறினான். சுவிட்சைப் போட்டான். வீடு பளிச்சென்று ஆனது. பட்டனை அமுக்கினான். டப்! வீடு இருண்டது.

"விழுந்துருச்சு! நல்லா இருக்கு!" என்று மூணு பேரும் இருட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சற்று நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. பிள்ளையோடு இறங்கிய செவந்தி வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே கும்மிருட்டு.

"ஏங்க, லைட்டு எங்கே?"

"பெட்டி ரொம்ப நல்லா இருக்கு செவந்தி. பட்டனை அமுக்கினதும் விசை விழுந்துருச்சு. அதான் எரியலை."

"நிமித்தி விட்டு லைட்டைப் போடுங்க."

"அதுக்கு ஏணி வேணும்."

"எடுத்துட்டு வாங்க."

"ஏணி இருந்தா பிள்ளை அதுல ஏறி சுவிட்சைத் தொட்டுருமே? இப்பத்தான் பெரியண்ணன் அதை எட்டாத இடத்துல, மாடியில வச்சாரு."

"படியில்லாத மாடிக்கு எப்படி ஏறினாரு?"

"ஏணி போட்டுத்தான். ஏறி, மேலே இழுத்துக்கிட்டாரு."

இருட்டில் மேலேயிருந்து குரல் வந்தது. "வாம்மா செவந்தி. பிள்ளை நல்லா இருக்கா?"

செவந்தி ஆட்டோக்காரரைப் பார்த்து, "அண்ணே, வண்டியைத் திருப்புங்க" என்றாள்.

சுருளி ஓவென்று அழுதான். அப்பன் அழுவதைக் கேட்டுப் பிள்ளையும் அழுதது. மேலே வீரணனும் அழுதான். அழுதுகொண்டே ஏணியை இறக்கினான். கருத்தமுத்து அதை உள்ளே தூக்கி ஓடினான். சுருளி கையில் செருப்போடு ஏறிப் பெட்டியின் விசையை நிமிர்த்தினான். லைட் எரிந்தது.

செவந்தி கொஞ்ச நேரம் முறைத்தாள். அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே வந்தாள். பிள்ளையைத் தொடுமுன் சுருளி டெஸ்டரை எடுத்தான்; அவள் அதைப் பிடுங்கி வீசிவிட்டு, பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள்.

"சரி, நாளைக்கு சேவியர் அண்ணனைக் கூப்பிட்டு அந்தப் பலகையைக் கீழே இறக்கச் சொல்லுங்க. மூத்த மச்சான் பாவம், மேலேயே நிக்கிறாரு. ஏணியைப் போட்டு இறக்கி விடுங்க."

திரும்பிப் பார்த்தார்கள். ஏணியைக் காணோம். கருத்தமுத்துவையும் காணோம்.

மாடியிலிருந்து இப்போது இரண்டு குரல் கேட்டது.

"பிள்ளை உள்ளே வந்துருச்சுல்ல, அதான் ஏணியைப் பத்திரமா மேலே கொண்டாந்துட்டோம். தூங்கும்போது லைட்டை அணைக்கணும்னா ஒரு சத்தம் கொடும்மா!"