பெடலில் ஒரு கால்

மலைப்பாதையின் பாதி வழியில் குருவம்மாளின் ஒர்க்‌ஷாப் இருந்தது. அவளிடம் தொழில் கற்க வந்த தவசிக்கனி அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் அவளை மேஸ்திரியம்மா என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். யாருக்கு யார் குரு என்று ஊர் கேலி பேசும். இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்று முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது தவசிக்கனியின் சொந்தக் கார், பழைய அம்பாசடர். மனைவி பொன்னுத்தாய் காய்ச்சலில் இறந்ததிலிருந்து அதை அவர் எடுக்கவே இல்லை. இப்போது எடுத்தாக வேண்டும். மேலே எஸ்டேட்டில் மகள் சுபிதாவுக்குப் பேறுகாலம். சாயங்காலத்துக்குள் அவளை அடிவாரத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

முன்சக்கர பேரிங்குகளைக் கழற்றிக் கழுவி, புது கிரீஸ் அடைத்து மாட்டினார்கள். தவசிக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு நட்டை இறுக்கினார். சுற்றிப் பார்த்தபோது சக்கரம் உறுமியது.

"மக வார வண்டி. கழண்டு போயிரக் கூடாதுல்லா," என்றார்.

"இப்படி இறுக்குனா பேரிங் வெந்துதான் போவும்," என்று குருவம்மாள் அதைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

புது பிரேக் ஷூவும் போட்டாயிற்று. பாக்கி, பிரேக் ஆயில் குழாயில் தங்கிய காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக் பெடலை அமுக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, 'அமுக்கு' என்று சொல்லி காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து, மூடி, பிறகு 'விடு' என்று சொல்ல வேண்டும். முன்பு வீட்டில் இந்தக் காருக்குக் காற்று எடுக்கும்போது பெடல் வேலை பொன்னுத்தாயுடையது. 'விடு' என்று சொல்வதற்கு முன் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். தவசிக்கனி கத்துவார். பாவம், அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். இதை அவரே குருவம்மாளிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"டீ வாங்கிட்டு வாரேன், பெறவு காத்து எடுப்போம்," என்று குருவம்மாள் ரோட்டுக்கு இறங்கினாள்.

பட்டப்பகலில் மேகம் இறங்கி ஒர்க்‌ஷாப்பை மூடியது. தவசிக்கனி சக்கரத்தடியில் படுத்தார். சற்று நேரத்தில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சீட் ஸ்பிரிங் முனகியது.

"வந்துட்டீங்களா? அமுக்குங்க."

ஆயில் குமிழி குமிழியாக வந்தது.

"விடுங்க."

சொன்ன நொடியில் பெடல் மேலே போகும் சத்தம் கேட்டது. மேஸ்திரியம்மா ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காக அமுக்கியதில்லையே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மறுபடி மறுபடி சொன்னார். குமிழி நின்றது. கடைசியாக ஒருமுறை அமுக்கச் சொல்லி நிப்பிளை இறுக்கினார்.

அப்போது ரோட்டிலிருந்து இரண்டு டீ கிளாசோடு குருவம்மாள் ஏறி வந்தாள்.

தவசிக்கனி ஊர்ந்து வெளியே வந்து காருக்குள் பார்த்தார். சீட்டில் ஆள் இல்லை. கண்ணாடியின் உள்பக்கம் மூச்சு விட்டதுபோல ஆவி படர்ந்திருந்தது. பெடல் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது.

"மேஸ்திரியம்மா, உள்ள யாரு?"

குருவம்மாள் டீயைக் கீழே வைத்தாள். காருக்குள் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினாள். பிரேக் பிடித்திருந்ததால் அது அசையவில்லை.

"கடைசியா விடுன்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"அதான்."

"எனக்குப் பயமா இருக்கு."

"பயந்தா ஆச்சா? மேல மக வலியோட இருக்கா. சொல்லுங்க."

அவர் ஆளில்லாத சீட்டைப் பார்த்தார். உள்ளே இருப்பது யார் என்று புரிந்ததும் பயம் போய்விட்டது. இத்தனை நாள் கழித்து வந்தவளை எந்த வாயால் போகச் சொல்வது?

"கொஞ்ச நேரம் இருக்கட்டுமே," என்றார்.

"நீங்க சொல்லாம அவ காலை எடுக்கமாட்டா, அண்ணாச்சி. வைவீங்கன்னு அவளுக்குத் தெரியும்லா."

தவசிக்கனி கார்க் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"விடு, பொன்னு," என்றார். இந்த முறை கத்தவில்லை.

ஸ்பிரிங் முனகியது. பெடல் மெல்ல மேலே வந்தது. குருவம்மாளின் கையில் சக்கரம் திரும்பியது.

அவர் நிமிரவில்லை. அப்படியே கேட்டார்.

"போயிட்டாளா?"

"அது எனக்குத் தெரியாது, அண்ணாச்சி. சக்கரம் சுத்துது. வண்டிய எடுங்க."