முழுகிக் கிடந்த உப்புப் படகு

“இன்னும் ஒழுகுதும்மா” என்றார் ஆதிமூலம்.

காலையில்தான் படகைக் கால்வாயில் இறக்கியிருந்தார்கள். அதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. அவர் அதன் நடுவே நின்றிருந்தார்.

மரக்காணத்து உப்பை ஏற்றிக்கொண்டு சென்னைவரை போய்வந்த படகு அது. லாரிகள் வந்த பிறகு கரையில் ஏற்றிப் போட்டுவிட்டார்கள். பல வருட வெயிலில் கிடந்ததை அமலோற்பவம் என்ற பெண்மணி கண்டுபிடித்தார். அதைப் பழுதுபார்க்க நாலு ஊரில் சொல்லி ஆள் சேர்த்தார். நர்ஸ் ஒருத்தி வந்தாள். தையல்காரர் வந்தார். யாருக்கும் சம்பளம் கிடையாது.

அமலோற்பவத்தை முதலில் கேலியாகத்தான் குரு என்றார்கள். பிறகு கேலி போய், பெயர் மட்டும் நின்றது.

ஆதிமூலம் குருவைவிட வயதில் மூத்தவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த மறுமாதம் வந்து சேர்ந்தார். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியப் பிசின் பூசும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், இந்த இடுக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்பார். வரமாட்டார்.

இப்போது ஒரு யோசனை சொன்னார். படகை மேலே இழுத்து அடி முழுக்க பைபர் ஒட்டிவிடலாம். அப்புறம் ஒரு சொட்டு இறங்காது.

அமலோற்பவம் கேட்டுக்கொண்டார். பிறகு மணல் மூட்டைகளைக் கொண்டுவந்து படகுக்குள் அடுக்கச் சொன்னார்.

அடுக்கினார்கள்.

தண்ணீர் விளிம்பைத் தொட்டது. தாண்டியது. படகு சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. முனை மட்டும் ஒரு சாண் வெளியே தெரிந்தது.

ஆதிமூலம் ஒரு மூட்டையைக்கூடத் தொடவில்லை.

“ஏம்மா இப்படிப் பண்ணீங்க?”

“அதுக்குத் தாகம்ணே.”

அவர் முகம் மாறிப்போனது. செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தார்கள். சில நாள் கழித்து வந்தார். செய்வதற்கு எதுவும் இல்லை. கரையில் உட்கார்ந்து, முழுகிக் கிடக்கும் படகையே பார்த்தார்.

நர்ஸ் பர்வீன் ஒரு டம்ளர் டீயோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளிடம் மனைவியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் தண்ணீர் கேட்டாளாம். கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் இவர் கொடுக்கவில்லையாம். சொல்லி முடிக்க முடியாமல் அழுதார்.

டீ ஆறிப்போனது. பர்வீன் வேறு டீ வாங்கி வந்தாள்.

பிறகு ஒருநாள், மூட்டைகளை எடுக்கலாம் என்றார் அமலோற்பவம்.

மார்பளவு தண்ணீரில் நின்று கை மாற்றினார்கள். இந்தமுறை ஆதிமூலமும் இறங்கினார். பாதி மூட்டைகள் போனதுமே அடியில் ஏதோ அசைந்தது. சேறு கலங்கியது. யாரும் இழுக்கவில்லை. படகு தானாக எழுந்து வந்தது.

மீதி மூட்டைகளையும் எடுத்தார்கள்.

உள்ளே இருந்த தண்ணீரை இறைத்தார்கள். அடிப்பலகையைத் துணியால் துடைத்தார்கள். பிறகு எல்லாரும் ஏறி, குனிந்து பார்த்தபடி காத்திருந்தார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தது. தண்ணீர் வரவில்லை.

தையல்காரர் தன்னையறியாமல் கைகூப்பினார்.

ஆதிமூலம் மண்டியிட்டு, தான் அடைத்த இடுக்குகளை விரலால் தேடினார். காய்ந்து சுருங்கியிருந்த பலகைகள் ஊறிப் பருத்து, ஒன்றோடொன்று நெருங்கியிருந்தன. நகம்கூட நுழையவில்லை. உள்ளங்கையை அப்படியே பலகையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். கீழே கால்வாய் ஓடுவது கைக்குத் தெரிந்தது.

“நான் வச்ச பஞ்சு எங்கம்மா?”

“உள்ளதான் இருக்குண்ணே. இனி மரம் பாத்துக்கும்.”