இடக்கை ராஜாவுக்கு ஒரு வாரிசு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, கோடைமலை நாட்டை வல்லாளகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் பிடித்தால் பிடித்த பிடி. அவர் பரம்பரையே இடக்கைப் பரம்பரை. அப்பன், பாட்டன், தம்பி எல்லாருக்கும் வில்லும் இடக்கை, சோறும் இடக்கை. அதில் ராஜாவுக்கு ஒரே பெருமை. என் சபையில் இருக்கிறவனும் என்னைப் போலவே சாப்பிடட்டும் என்று ஒருநாள் சொல்லிவைத்தார். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து அரண்மனைப் பந்தியில் ஒரு வலக்கையும் எழும்பவில்லை.

அமைச்சர் தில்லைக்கூத்தர் பந்தியில் கொறித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வயிறாரச் சாப்பிடுவார். சேனாபதி மாராயன் அப்படியில்லை. ரசம் சாதத்தில் பாதி மீசையில், பாதி மடியில் விழுந்தாலும், "பிறவியிலேயே எனக்கு இந்தக் கைதான் மகாராஜா" என்பார். காக்காய் பிடிப்பதில் ஆளை மிஞ்ச முடியாது.

ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. ஒரே தம்பி, சண்டை போட்டுக்கொண்டு போனவன், மலைப்பக்கம் கல்யாணம் கட்டி, ஒரு மகனை வைத்துவிட்டுச் செத்துப்போனான் என்று கேள்வி. வயசான காலத்தில் ராஜாவுக்கு அது நெஞ்சை அறுத்தது. தம்பி மகனைக் கொண்டுவருகிறவனுக்குப் பாதி கஜானா, பொய்யாளைக் கொண்டுவந்தால் வந்தவன் தலையும் கொண்டுவந்தவன் தலையும் சேர்ந்து உருளும் என்று அறிவித்துவிட்டார்.

தில்லைக்கூத்தர் மலைமலையாக அலைந்தார். ஒரு தினைக்காட்டில் காவல் நின்ற சாத்தன் என்ற பையனைக் கண்டார். கிளி ஒன்று கதிரைக் கவ்விக்கொண்டு பறந்தது. சாத்தன் இடக்கையால் நாணை இழுத்து அம்பை விட்டான். கிளிக்கு ஒரு இறகு கூட உதிரவில்லை, கதிர் மட்டும் கீழே விழுந்தது. அவன் அம்மாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்ததில் தகப்பன் பெயரும் வெளியே வந்தது, ராஜாவின் தம்பியேதான். அமைச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

வந்து பார்த்தால், சேனாபதியும் ஒருத்தனைத் தயாராக வைத்திருக்கிறார்! பெயர் பரிமேலன். தம் சொல்லுக்கு ஆடுகிற ராஜா வேண்டும் என்று, எங்கிருந்தோ பிடித்துவந்து வீட்டுக்குள் வைத்துப் பழக்கியிருக்கிறார்.

"வாய்ப்பேச்சை நான் நம்பமாட்டேன்" என்றார் ராஜா. "இலையைப் போடுங்கள். எங்கள் ரத்தம் பந்தியில் தெரிந்துவிடும்."

ஊர் ஜனம் சுற்றி நின்றது. பரிமேலன் இடக்கையால் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டான். சாத்தனோ வலக்கையை இலையில் வைத்தான். வில்லைப் பார்த்தோமே, இவன் சாப்பிட்டதைப் பார்க்கவில்லையே என்று தில்லைக்கூத்தர் தம்மையே திட்டிக்கொண்டார். சேனாபதி அதற்குள் வாளில் கை வைத்தாயிற்று.

அப்போதுதான் சாத்தன் மடியில் ஒடுங்கிக் கிடந்த இடக்கை அமைச்சர் கண்ணில் பட்டது. புறங்கை முழுக்கப் பழைய தழும்பு. அவருக்குப் போன உயிர் திரும்பியது. சாவகாசமாகப் பரிமேலனிடம் போய், எங்கே வளர்ந்தாய் என்று விசாரித்தார். செங்குறிச்சியில், அம்மா வளர்த்தாள் என்றான்.

"சின்ன வயசிலும் இதே கையால்தான் சாப்பிட்டாயா? அம்மா ஒன்றும் சொல்லவில்லையா?"

"ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை ஐயா."

கூட்டத்தில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். ராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மகாராஜா, உங்கள் கையை அடிக்க அரண்மனையில் யாருக்குத் துணிச்சல் இருந்தது? ஊருக்குள் அப்படியில்லை. பிள்ளை பீச்சாங்கையை இலையில் வைத்தால் எந்தத் தாயும் அகப்பைக் காம்பால் ஒரு போடு போடுவாள். இதோ, சாத்தன் புறங்கைத் தழும்பைப் பாருங்கள், நிஜமான இடக்கைக்காரன் அடிவாங்கி வலக்கையால் சாப்பிடுகிறான். இந்தப் பரிமேலனுக்கு மட்டும் அடியே விழவில்லையாம். நம் பந்திக்கென்றே யாரோ புதிதாகப் பழக்கியிருக்கிறார்கள்."

பிறகு அமைச்சர் வில்லைக் கொண்டுவரச் சொன்னார். பரிமேலன் சேனாபதி முகத்தைப் பார்த்து முழித்தான். சாத்தன் வாங்கினான். காட்டில் அந்தக் கையை அடிக்க யார் இருந்தார்கள்? இடக்கை தானாக நாணுக்குப் போயிற்று. கொடிமரத்து உச்சியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் இரண்டாகப் பிளந்து ராஜாவின் காலடியில் விழுந்தது.

ராஜா இறங்கிவந்து அந்தத் தழும்புக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பரிமேலன் உண்மையைக் கக்கினான். யார் தலையும் உருள வேண்டாம் என்று சாத்தன் கேட்டுக்கொண்டான். பாதி கஜானா எனக்கெதற்கு, வலக்கையால் சாப்பிட உத்தரவு போதும் என்றார் தில்லைக்கூத்தர்.

முடிசூட்டிய அன்றே புது ராஜா உத்தரவு போட்டார், அவரவர் அவரவர் கையால் சாப்பிடலாம் என்று. சபையே ஆனந்தக் கண்ணீர் விட்டது. சேனாபதியும் ஆசையாக வலக்கையை நீட்டினார்.

"உமக்குப் பிறவியிலேயே அந்தக் கைதானே" என்றார் பெரிய ராஜா. "நீர் கடைசிவரை அதிலேயே சாப்பிடும்."

புது ராஜா இடக்கையை இலைப்பக்கம் கொண்டுபோனார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

அவள் அந்தத் தழும்பைத் தடவிக்கொடுத்தாள். "சாப்பிடுடா, இனி எவ அடிக்கப் போறா" என்றாள்.