கைக்குப் போன கழுத்து

நிலோஃபருக்கு வயது இருபத்துமூன்று. தெய்வானைக்கு முப்பத்தொன்று, கைக்குழந்தை வேறு. ஆனாலும் அந்தப் பனியன் கம்பெனியில், கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் நிலோஃபர்தான் குரு, தெய்வானைதான் சிஷ்யை.

தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள் தெய்வானை. குருவிடம் ஒட்டிக்கொண்டு கற்று, சொந்தமாக ஒரு மேக்ரோ, அதாவது கம்ப்யூட்டருக்கான குட்டிக் கட்டளைத் தொகுப்பு, எழுதியிருந்தாள். ஆறு எண்களை வரிசையாக அடித்தால் போதும், கட்டிங் பிரிவுக்கு வேண்டிய அளவுத்தாள் முழுசாக வந்து விழும். மார்பு, உயரம், தோள், கை, கழுத்து, அடிமடிப்பு. இதுதான் வரிசை.

அன்று காலை கட்டிங் மாஸ்டர் பொன்னுசாமி ஒரு பனியனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா தெய்வானை, இது யாருக்கு? இந்தக் கழுத்துல எலுமிச்சம்பழம்கூட நுழையாதே!"

கையில்லாத பனியன் அது. அதனால் கம்ப்யூட்டரில் எண் அடித்த பெண் கை அளவை விட்டுவிட்டாள். கழுத்தின் ஏழு அங்குலம் கைக்குப் போய்விட்டது. மடிப்பின் ஒரு அங்குலம் கழுத்துக்கு வந்துவிட்டது.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா பேசாம அளவுத்தாளைக் கையாலயே எழுதிக்கலாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு," என்றார் பொன்னுசாமி.

அப்படியானால் தெய்வானைக்கு மறுபடி பிசிறுதான். நேரே நிலோஃபரிடம் ஓடினாள்.

"குருவே, ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னாடி பேரையும் அடிக்கச் சொல்லலாமா? ஆனா வேலை நீளுமே. வரிசையை மனப்பாடம் பண்ணச் சொன்னா போதாதா?"

நிலோஃபர் எழுந்தாள். "வாங்கக்கா, பாப்பாவைப் பாத்துட்டு வரலாம்."

கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் ஒன்பது தொட்டில். ஜன்னலோரம், தொட்டில் வரிசைப்படியே ஒன்பது பால்புட்டி. நிலோஃபர் முதல் புட்டியை எடுத்துக் கடைசியில் வைத்து, மற்றதையெல்லாம் நகர்த்திவிட்டாள்.

தெய்வானைக்குப் பதறியது. அவள் மகளுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது. காலையில் தன் பாலைத்தான் பீய்ச்சி வைத்திருந்தாள்.

ஆயா வந்தாள். வரிசையைப் பார்க்கவேயில்லை. ஒரு புட்டியைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் படித்தாள்.

"யாழினி."

நேராகத் தெய்வானையின் மகளிடம் போனாள். குழந்தை அம்மாவின் பாலைச் சப்பிக் குடித்தது.

"யாருடி புட்டியைக் கலைச்சது? கை சும்மாவே இருக்காதா?"

"நான்தான் ஆயா. வரிசையை மனப்பாடம் பண்ணி வெச்சுக்கலாம்ல?"

"ஒம்பது பிள்ளையையும் மனப்பாடம் பண்ணிட்டு உக்காந்திருக்க எனக்கென்ன பைத்தியமா?"

தெய்வானை அதற்குள் படியிறங்கி ஓடிவிட்டாள்.

சாப்பாட்டு மணி அடிக்கும்முன், ஒவ்வொரு எண்ணையும் அதன் பேரோடு வாங்கும்படி மேக்ரோவை மாற்றினாள். பொன்னுசாமியையே பிடித்து உட்காரவைத்தாள். அவர் ஒற்றை விரலால், நினைவுக்கு வந்தபடி, முதலில் 'கழுத்து 7' என்று அடித்தார். பிறகு மடிப்பு. பிறகு மார்பு, உயரம், தோள். கை அளவை விட்டுவிட்டார்.

தாள் வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"இதுல தலை நுழையும்," என்றார்.

தெய்வானைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "குருவே, லேபிள் அடிக்க இன்னொரு மேக்ரோ இருக்கே, அதுலயும் எண்ணுக்கு முன்னாடி பேரு அடிக்கிற மாதிரி வெச்சிடறேன். எத்தனை லேபிள்னு ஒரே ஒரு எண்தான் குடுக்கறோம், இருந்தாலும்..."

நிலோஃபர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

"அக்கா, வீட்டுல யாழினியை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"பாப்பான்னுதான். வீட்டுல அவ ஒரே குழந்தைதானே."

"என்னிக்காவது வேற யாராச்சும் திரும்பிப் பாத்திருக்காங்களா?"