வலிக்காத முட்டிக்கும் பட்டை

கபடியில் ரெய்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் கைதட்டல். பிடிக்கிறவர்களுக்குக் கிடைப்பது சிராய்ப்பு. தொழில்முறை மகளிர் அணி ஒன்று, கல்லூரிப் பெண்களில் நன்றாகப் பிடிக்கிற ஒருத்தியை எடுக்க மூன்று நாள் முகாம் போட்டது. முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். முப்பத்தேழு பேரை அழவைத்து ஊருக்கு அனுப்புவதற்குத் தேர்வு என்று பெயர்.

அந்த வேலையைச் செய்தவர் செபஸ்தியம்மாள். அவரிடம் வேலை பழகிக்கொண்டிருந்தாள் யோகேஸ்வரி. ஆறு வருஷத்துக்கு முன் இதே அணிக்கு செபஸ்தியம்மாளே எடுத்த ரைட் கார்னர், வலது ஓரத்தில் நின்று பிடிக்கிறவள். பதினோரு ஆட்டம் ஆடினாள். பன்னிரண்டாவதில் வலது முட்டி போயிற்று. இப்போது படி ஏறுவதற்குக் கைப்பிடியைத் தேடுகிறாள்.

மூன்றாம் நாள் காலை யோகேஸ்வரி பட்டியலை நீட்டினாள். முதல் பெயர் முத்துப்பேச்சி.

"ஏன் இவ?"

"ரெண்டு நாள்ல பத்தொன்பது பிடி அக்கா. கணுக்கால்ல கையப் போட்டான்னா உடும்புப் பிடிதான்."

"பிடிக்கிறத எல்லாரும் பாப்பாங்க. பிடிச்சு முடிச்சு எந்திரிக்கிறதப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அன்று காலை முழுக்க யோகேஸ்வரி அதை மட்டும் பார்த்தாள். முத்துப்பேச்சி ஒவ்வொரு தடவையும் இடது காலை ஊன்றியே எழுந்தாள். இரண்டு முட்டியிலும் பட்டை மாட்டியிருந்தாள். எந்தக் கால் என்று தெரியாமலிருக்க, வலிக்காத முட்டிக்கும் சேர்த்துப் பட்டை மாட்டுவது ஆட்டக்காரிகளின் தந்திரம். தன் தேர்வின்போது யோகேஸ்வரியும் அப்படி மாட்டியவள்தான். அவளே ஏமாந்திருக்கிறாள், யாரை நோவது?

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டு, பட்டையைக் கழற்றச் சொல்லி, வலது முட்டிக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். முத்துப்பேச்சி துள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிராதீங்கக்கா."

"எத்தனை நாளா?"

"எட்டு மாசமா. டாக்டர்ட்ட போனா ஒரு வருஷம் ஆடக்கூடாதுன்னுட்டாரு. இந்த வருஷத்தோட எனக்கு வயசு வரம்பு முடியுதுக்கா. இது போச்சுன்னா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குறதுதான். அம்மா தன் பக்கத்துலயே எனக்கும் ஒரு இடம் சொல்லி வச்சிருக்கு."

யோகேஸ்வரி அந்தப் பெண்ணின் படிவத்தை எடுத்துக்கொண்டு செபஸ்தியம்மாளின் அறைக்குப் போனாள். உடல்தகுதி என்ற கட்டம் மட்டும் இன்னும் நிரப்பாமல் இருந்தது. உள்ளதை எழுதினால் அந்தப் பெண்ணின் கதை அத்தோடு சரி.

"எழுதினா பொழப்பு போகும். எழுதலன்னா கால் போகும். நான் என்னக்கா செய்யட்டும்?"

செபஸ்தியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தரையில உக்காரு."

உட்கார்ந்தாள்.

"கை ஊனாம எந்திரி."

யோகேஸ்வரி முயன்றாள். பாதியில் முட்டி மடங்கிப் பொத்தென்று விழுந்தாள். திரும்பவும் முயன்றாள். செபஸ்தியம்மாள் கை கொடுக்கவில்லை. கடைசியில் மேசைக் காலைப் பிடித்து, நடை பழகும் குழந்தைபோல எழுந்து நின்றாள். அவமானத்தில் கண் நிறைந்துவிட்டது.

"எதுக்குக்கா இப்படிப் பண்றீங்க?"

"அன்னைக்கு உன் படிவத்துல 'குறை இல்லை'ன்னு எழுதினேன். நீ இடது கால ஊனியே எந்திரிச்சதப் பாத்துட்டுதான் எழுதினேன்."

யோகேஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. செபஸ்தியம்மாளையே ஏமாற்றிவிட்டோம் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. புரிந்தபோது உட்கார நாற்காலி தேடினாள்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"அப்புறம் ஏன்?"

"முட்டியப் பாத்தவ அதோட நிறுத்தியிருக்கணும். உன் மூஞ்சியையும் பாத்துட்டேன்."

வெளியே அடுத்த சுற்றுக்கு விசில் ஊதினார்கள்.

"உள்ளத எழுதியிருந்தா?"

"வைத்தியம் பாத்துட்டு ஒரு வருஷம் வீட்டுல கெடந்திருப்ப. ரெண்டு காலும் ஒழுங்கா இருந்திருக்கும். போற எடமெல்லாம் என்னைத் திட்டித் தீத்திருப்ப."

யோகேஸ்வரி படிவத்தை மேசைமேல் வைத்தாள்.

"பதினோரு ஆட்டம் ஆடினேனே அக்கா. அது உங்களாலதானேன்னு இன்னைக்கு வரைக்கும் உங்களக் கும்பிட்டுக்கிட்டுல்ல இருக்கேன்."

"அதத்தான்டி என்னால தாங்க முடியல. உள்ளத எழுது."